பத்து சனிக்கிழமை, பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு டெனர் சாக்ஸ்காரர்: ஜாஸை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

#1 சனிமதியம்

வணக்கம். விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

13லிருந்து 17 வயசுக்குள்ள 12 பிள்ளைகள். 2 ஆல்ட்டோ சாக்ஸ், 1 டெனர், 2 டிரம்பெட், 1 டிராம்போன், 2 பியானோ, 1 கிட்டார், 1 டபுள் பேஸ், 1 எலெக்ட்ரிக் பேஸ், 1 டிரம்ஸ். சனிக்கிழமை மதியம் 2 மணி நேரம், மொத்தம் 10 வாரம். நடத்தப்போறவர் மேடையே தொழிலா வச்சிருக்கிற டெனர் சாக்ஸ் கலைஞர். வாசிப்புல சந்தேகமே இல்லை, ஆனா பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துப் பழக்கம் கம்மி.

எல்லாப் பிள்ளைகளும் பள்ளி பேண்டுல இருக்காங்க, நோட்டேஷன் நல்லாவே படிப்பாங்க. ஸ்டாண்டிலிருந்து தாளை எடுத்துட்டா கை ஓடாது. தியரியை முதல்ல முடிச்சுட்டுப் பாட்டுக்குப் போகலாமா, இல்ல நேரா பாட்டா? 12 பேருக்கு ஒரே ஒரு டிரம்ஸ் செட்டை வச்சு எப்படிச் சமாளிக்கிறது?

#2 வால்வு_எண்ணெய்

நேரா பாட்டு. அதுவும் தாளே இல்லாமல்.

முதல் நாளுக்கு டியூக் எலிங்டனின் ‘சி ஜாம் ப்ளூஸ்’ போதும். மெட்டில் இரண்டே ஸ்வரம், ஜியும் சியும். நாலு பார் (ஒரு பார் என்றால் நாலு பீட்) சொற்றொடர் ஒன்று, அதையே மூன்று தடவை வாசித்தால் 12 பார் ப்ளூஸ் முடிந்தது. ஸ்வரம் தேடுகிற வேலை இல்லாததால் பிள்ளையின் கவனம் முழுக்க எங்கே நுழைவது, எங்கே நிறுத்துவது என்பதிலேயே இருக்கும். ஜாஸில் முதலில் பழக வேண்டியதும் அதுதான்.

நடத்துகிற முறை: கலைஞர் மெட்டை வாசிக்கக் கூடாது, பாட வேண்டும். எல்லோரும் மூன்று முறை திருப்பிப் பாடணும். அப்புறம் “இப்போ உங்க வாத்தியத்தில் தேடுங்க” என்று மட்டும் சொல்லி 2 நிமிஷம் விடணும். ஸ்வரப் பெயரைச் சொல்லவே கூடாது. டிரம்பெட்டும் டெனரும் ஏ, டி என்று கண்டுபிடிப்பார்கள், ஆல்ட்டோ இ, ஏ என்று. டிராம்போன், பியானோ, கிட்டார், பேஸ் எல்லாம் ஜி, சி. “எனக்கு ஏன் வேற ஸ்வரம் வருது” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். டிரான்ஸ்போசிஷனை (ஒரே ஒலிக்கு வாத்தியத்துக்கு வாத்தியம் ஸ்வரப் பெயர் மாறுவதை) அந்த நிமிஷம் விளக்கினால் 5 நிமிஷத்தில் மண்டையில் ஏறும். போர்டில் அட்டவணை போட்டு ஆரம்பித்தால் அரை மணி நேரம் போயிடும், ஏறவும் ஏறாது.

வழக்கமாகச் சொதப்புவது எங்கே என்றால், கலைஞர் பொறுமை இழந்து 40 விநாடியிலேயே “அது ஜி” என்று சொல்லிவிடுவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து பி ஃபிளாட் ப்ளூஸ். சாக்ஸ் கலைஞர் சானி ராலின்ஸின் ‘சானிமூன் ஃபார் டூ’வும் நாலு பாரை மூன்று முறை சொல்கிற மெட்டுதான், காதால் பிடிக்கச் சுலபம்.

#3 ரைடு_சிம்பல்

டிரம்ஸ் கேள்விக்கு நான்.

ஒரே செட் இருப்பது நல்லதுதான் சார். இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்கும்!

டிரம்ஸ் பிள்ளைக்கு முதல் மூன்று வாரமும் மூன்றே வேலை. வலது கையில் ரைடு சிம்பல், இடது காலில் ஹை-ஹாட்டை (மிதியால் மூடும் ஜோடி சிம்பல்) 2லும் 4லும் மூடுவது, வலது காலில் பேஸ் டிரம்மை நாலு பீட்டும் தடவுவது. தடவுவது என்றால் பீட்டர் (கால் மிதியின் சுத்தி) தோலிலிருந்து ஓரிரு அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது. எதிரில் நிற்பவருக்கு அது கேட்கவே கூடாது, நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று தோணணும். ராக் வாசித்துப் பழகிய காலுக்கு இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். முதல் மூன்று வாரம் இடது கைக்கு வேலையே கொடுக்காதீங்க.

ஸ்விங் என்றதும் எல்லோரும் ஒரு பீட்டை மூணாகப் பிரித்து ‘டிங்-க-டிங்’ என்று சொல்லித்தருவார்கள். நிமிஷத்துக்கு 120 பீட் வேகத்தில் அது சரி. 240க்குப் போனால் ஒரு பீட்டில் வரும் இரண்டு எய்த் நோட்டும் (அரை பீட் ஸ்வரம்) கிட்டத்தட்டச் சமமாகிவிடும். வேகம் ஏற ஏற ஸ்விங்கின் சாய்வு குறையும். மூணு பிரிவை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்த பிள்ளை வேகமான பாட்டில் நொண்டுவது இதனால்தான்.

மெட்ரோனோமை 60இல் வைத்து அந்த ஒலியை 2, 4 என்று எடுத்துக்கொண்டால் பாட்டு 120இல் ஓடும். பாதிப் பேருக்கு அது தானாக 1, 3 ஆகத் திரும்பிவிடும். அதுக்கு ஒரே மருந்து, வாசிப்பதற்கு முன் இரண்டு ஒலிக்கு நடுவே வாய்விட்டு “ஒண்ணு”, அடுத்த இடைவெளியில் “மூணு” என்று 8 பார் எண்ணுவது. காற்று வாத்தியக்காரர்களும் சேர்ந்து எண்ணணும், இது டிரம்மர் வேலை மட்டும் கிடையாது.

வேகம் ஓடுகிறதா என்று பார்க்க காது போதாது, கைப்பேசி ஸ்டாப்வாட்ச் போதும். 120இல் 12 பார் என்றால் 48 பீட், சரியாக 24 விநாடி. அந்த 12 பார் சுற்று ஒன்றுதான் ஒரு கோரஸ்; 5 கோரஸ் 2 நிமிஷம். 1 நிமிஷம் 52 விநாடியில் முடித்தார்கள் என்றால் சராசரியே 128க்கு மேல் போய்விட்டது. யார் ஓட்டினார்கள் என்று சண்டை போடாமல் பதிவைக் கேட்கச் சொல்லுங்க. பெரும்பாலும் சோலோ சத்தம் ஏறுகிற இடத்திலும் டிரம்ஸ் ஃபில் (இடைவெளியை நிரப்பும் உருட்டு) வருகிற இடத்திலும்தான் ஓடியிருக்கும்.

#4 கறுப்பு_வெள்ளை

2 பியானோ + 1 கிட்டார். இதைக் கவனிக்காவிட்டால் வகுப்பே இரைச்சலாகிவிடும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) வாசிக்கணும். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து பாரை எண்ணட்டும், கோரஸ் முடிந்ததும் இருக்கையை மாற்றிக்கொள்ளட்டும்.

இன்னொன்று, பியானோ பிள்ளைகள் இடது கையில் ரூட்டை (கார்டின் அடி ஸ்வரம்) போட்டு நசுக்குவார்கள். தனியாக வாசித்துப் பழகியதன் விளைவு. கீழே பேஸ் இருக்கும்போது அந்த ரூட் அவருடைய ஸ்வரத்தோடு மோதி எல்லாமே சேறாகிவிடும். ரூட்டை எடுத்துவிட்டு இரண்டே ஸ்வரம் கொடுங்கள், மூன்றாவதும் ஏழாவதும்.

பி ஃபிளாட் 7: நடு சிக்குக் கொஞ்சம் கீழே உள்ள ஏ ஃபிளாட், அதற்கு மேலே டி.
இ ஃபிளாட் 7: அந்த இரண்டு விரலையும் ஒரு செமிடோன் (அடுத்த கட்டை) கீழே இறக்கினால் ஜி, டி ஃபிளாட்.
எஃப் 7: பி ஃபிளாட் 7 இடத்திலிருந்து இரண்டு விரலையும் ஒரு செமிடோன் மேலே ஏற்றினால் ஏ, இ ஃபிளாட்.

ப்ளூஸின் மூன்று முக்கியக் கார்டும் இவ்வளவுதான். கை ஓர் அங்குலம்கூட நகராது. இதை டிரம்பெட், சாக்ஸ் பிள்ளைகளுக்கும் பாடிக் காட்டணும். டி என்று நீட்டிப் பிடித்து, கார்ட் மாறும்போது டி ஃபிளாட்டுக்கு இறங்கு என்றால், கார்ட் மாறுவதை முதல் தடவையாகக் காதால் உணர்வார்கள். அதுவரை தாளில் பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

கிட்டாருக்கு ஃபிரெடி கிரீன் வழி. 1937இலிருந்து 1987இல் இறக்கும்வரை கவுண்ட் பேஸி குழுவில் பீட்டுக்கு ஒரு வெட்டு என்று நாலு வெட்டு வாசித்தே வாழ்ந்தவர். ஆம்ப்பை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று கம்பியை மட்டும் அழுத்தி, அடித்த உடனே இடது கைப் பிடியைத் தளர்த்தணும். கிட்டார் கேட்காது என்று பிள்ளை புகார் சொல்லும். கேட்காவிட்டால் மற்றவர்கள் சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

#5 நேர்கோடு

எல்லாம் சரி, சோலோவுக்கு என்ன கொடுப்பீங்க? எந்தக் கார்டுக்கு எந்த ஸ்கேல்னு சொல்லித்தராம பிள்ளை என்ன வாசிக்கும்? உலகத்துல பாதி ஜாஸ் கல்லூரி கார்ட்-ஸ்கேல் முறையிலதான் ஓடுது. டி மைனர் 7க்கு டோரியன், ஜி 7க்கு மிக்ஸோலிடியன், சிக்கு அயோனியன். ரெண்டு வாரத்துல முடிச்சுடலாம்.

#6 ஹரிகாம்போதி

இரண்டு வாரத்தில் முடிக்கலாம், மறுக்கவில்லை. மூன்றாம் வாரம் பிள்ளை ஸ்கேலை மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எந்த ஸ்வரம் பீட்டில் விழணும் என்பதை அந்த முறை சொல்வதே இல்லை.

பேரி ஹாரிஸ் வழியைப் பாருங்கள். டெட்ராய்ட்டில் வளர்ந்த பியானோ கலைஞர். 1982இலிருந்து 1987வரை நியூயார்க்கில் ‘ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர்’ என்ற இடத்தை நடத்தினார். அது மூடிய பிறகும் வாராந்திர வகுப்பை விடவில்லை. 2021 டிசம்பரில் 91 வயதில் இறந்தார். பியானோ, பாடகர், காற்று வாத்தியம் எல்லோரும் கலந்த வகுப்பு. அவர் பாடுவார், கூட்டம் திருப்பி வாசிக்கும்.

அவருடைய ப்ளூஸ் பாடம் இப்படிப் போகும். முதல் பாரில் பி ஃபிளாட் 7 ஸ்கேலை ரூட்டிலிருந்து ஏழாவது வரை ஏற்று. ஏழு எய்த் நோட், ஒரு வெற்றிடம். இரண்டாம் பாரில் இ ஃபிளாட் 7க்கு அதே ஏற்றம். மூன்றும் நாலும் ஒரே கார்ட் என்பதால் ஏழாவது வரை ஏறி இறங்கு, ரூட் நாலாம் பாரின் மூன்றாம் பீட்டில் வந்து விழும். இப்படியே 12 பாரும். கேட்க சரளி வரிசை மாதிரி இருக்கும். ஆனால் இதை முடித்த பிள்ளைக்குப் பாட்டில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்ற குழப்பம் அப்புறம் வராது.

அடுத்ததுதான் முக்கியம். நம்மாட்களுக்குச் சுலபமாகப் புரிகிற மாதிரி சொல்கிறேன். டாமினன்ட் 7 ஸ்கேல் என்பது ஹரிகாம்போதிதான். ச ரி2 க3 ம1 ப த2 நி2. மேல் சட்ஜத்திலிருந்து எய்த் நோட்டாக இறங்கினால் பீட்டில் விழுவது ச, த, ம, ரி. பீட்டிடையில் மாட்டுவது நி, ப, க. அதாவது கார்டின் எலும்பு ஸ்வரங்களில் மூன்று பலவீனமான இடத்தில் போய்விட்டது. இதில் ச-வுக்கும் நி2-வுக்கும் நடுவே காகலி நிஷாதம் ஒன்றைச் செருகுங்கள். ச நி3 நி2 த ப ம க ரி. இப்போது பீட்டில் விழுவது ச, நி2, ப, க. கார்ட் முழுசாக வந்துவிட்டது. கீழே பியானோவே இல்லாவிட்டாலும் கார்ட் கேட்கும்.

ச, க, ப, நி இவற்றில் ஆரம்பித்தால் இந்த ஒரு செருகல். ரி, ம, தவில் ஆரம்பித்தால் செருகலே வேண்டாம், தானாகச் சரியாக விழும். இரண்டு செருகலும் போடலாம்: ரிக்கும் சவுக்கும் நடுவே ஒன்று, சவுக்கும் நி2-வுக்கும் நடுவே ஒன்று.

நிபந்தனை ஒன்று உண்டு. ஆரம்ப ஸ்வரம் பீட்டில் இருக்கணும். பீட்டிடையில் நுழைந்தால் விதி தலைகீழ். பிள்ளைகள் “விதிப்படித்தான் வாசிச்சேன், நல்லா இல்லையே” என்றால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் இதுதான்.

#7 நேர்கோடு

சுத்தி வளைச்சு இதுவும் ஸ்கேல்தானே? டி மைனர் 7க்கு என்ன பண்ணுவீங்க?

#8 ஹரிகாம்போதி

ஒன்றும் பண்ண வேண்டாம். டி மைனர் 7, ஜி 7 அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் ஜி 7 என்றே பேரி எடுத்துக்கொள்வார். இரண்டு ஸ்கேல் பெயர் ஒன்றாகச் சுருங்கும், பிள்ளையின் தலை பாதி காலியாகும்.

ஸ்கேல் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. தாளத்தில் எங்கே விழுகிறது என்று சொல்லாத ஸ்கேல் வெறும் ஆரோகண அவரோகணம். அதைப் பாடினால் ராகம் பாடியதாக ஆகுமா?

#9 சனிமதியம்

6ஆம் பதிவைப் பிரிண்ட் எடுத்தாச்சு, நன்றி. அடுத்த கேள்வி. பெரியவங்க சோலோவைக் கேட்டு எழுதணும்னு எல்லாரும் சொல்றாங்க. 13 வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? எழுத வைக்கிறதா, வாசிக்க வைக்கிறதா?

#10 வால்வு_எண்ணெய்

எழுதவும் வேண்டாம், உடனே வாசிக்கவும் வேண்டாம். பாட வையுங்கள்.

இது பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ பிடிவாதமாகக் கடைப்பிடித்த வழி. சாக்ஸ் கலைஞர்கள் லீ கோனிட்ஸ், வார்ன் மார்ஷ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். டெனர் சாக்ஸ் கலைஞர் லெஸ்டர் யங் சோலோவைப் பதிவோடு சேர்த்து, மூச்சு எடுக்கிற இடம்கூடப் பிசகாமல் பாடிக் காட்டிய பிறகுதான் வாத்தியத்தைத் தொட விடுவார். லெஸ்டர் 1936இல் பதிவு செய்த ‘லேடி பி குட்’ சோலோ 64 பார். 13 வயசுக்கு அது மலை. 12 பார் போதும், அதுவும் வாரத்துக்கு 4 பார் என்று மூன்று வாரம்.

எனக்கு எப்போதும் முதல் தேர்வு ‘ஃபிரெடி ஃப்ரீலோடர்’. 1959 பதிவு, பி ஃபிளாட் ப்ளூஸ், மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட் சோலோவில் முதல் கோரஸ். ஸ்வரம் குறைவு, நடுவில் வெற்றிடம் ஏராளம், மத்திய ஸ்தாயியிலேயே போகும். மூன்று விஷயத்தில் உஷார்.

11, 12ஆம் பாரில் வழக்கமான பி ஃபிளாட்டுக்குப் பதில் ஏ ஃபிளாட் 7 வரும். பிள்ளை காது சரியாகத்தான் சொல்லும், புத்தக ப்ளூஸை மட்டும் தெரிந்த ஆசிரியர் “தப்பு” என்று திருத்திவிடக் கூடாது.

அது வந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தின் முதல் பக்கம் பழைய பதிப்புகளில் கொஞ்சம் வேகமாக ஓடும், அதனால் சுருதி தூக்கலாக இருக்கும். டேப் இயந்திரத்தின் வேகக் கோளாறு, 1990களுக்குப் பிறகு வந்த பதிப்புகளில் சரி செய்தார்கள். பழைய எல்பியிலிருந்து எடுத்த ஆடியோவைக் கொடுத்தால் பிள்ளை டியூனிங் ஸ்லைடை உள்ளே தள்ளித் தள்ளி அழும்.

வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கும் வசதி யூடியூபிலேயே இருக்கிறது. ஸ்வரம் கண்டுபிடிக்க 0.75, அதற்குக் கீழே போக வேண்டாம். 0.5இல் ஸ்விங் செத்துவிடும், பிள்ளை அந்தச் செத்த ஸ்விங்கையே மனப்பாடம் செய்துகொள்ளும்.

நாலு பாரும் பாட வந்ததும் வாத்தியம். அதன்பிறகு ஒரு சொற்றொடரை மட்டும் பிடுங்கி இ ஃபிளாட்டுக்கும் எஃபுக்கும் மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சோலோ முழுசும் தெரியும், அதிலிருந்து ஒரு வரிகூடச் சொந்த சோலோவில் வராது.

#11 பேஸ்மூலை

பேஸ் பிள்ளைகளை யாருமே கவனிக்கலையே. வழக்கம்தான்.

முதல் இரண்டு வாரம் இரண்டு பீட் நடை, 1இல் ரூட், 3இல் ஐந்தாவது. மூன்றாம் வாரம் நாலு குவார்ட்டர் நோட். விதி ஒன்றுதான்: 1ஆம் பீட்டில் ரூட், 4ஆம் பீட்டில் அடுத்த ரூட்டுக்கு ஒரு செமிடோன் மேலேயோ கீழேயோ. பி ஃபிளாட்டிலிருந்து இ ஃபிளாட்டுக்குப் போகணுமா, நாலாவது பீட் டி அல்லது இ. நடு இரண்டு பீட்டில் கார்ட் ஸ்வரம் எது வேண்டுமானாலும் போடலாம். இதிலேயே 12 பார் நடக்கும்.

கெடுவது ஸ்வரத்தில் இல்லை, நீளத்தில். ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்தது பிறக்கும்வரை ஒலிக்கணும். இடது கை சீக்கிரம் எழுந்துவிட்டால் நடை குதிக்கும், டிரம்மர் அதைச் சரிகட்ட வேகமாவார். டபுள் பேஸ்காரர் ஃபிங்கர்போர்டு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதையால் இழுக்கணும், நுனியால் அல்ல. எலெக்ட்ரிக் பேஸ்காரர் பிக்கப்பை விட்டு நெக் பக்கம் கையை நகர்த்தட்டும், டிரெபிளைக் குறைக்கட்டும்.

அப்புறம் ஐரியல் புரோ, பக்கவாத்தியம் வாசிக்கிற கைப்பேசிச் செயலி. வீட்டில் பழக நல்லதுதான், ஆனால் கார்ட் எப்பவும் திரையில் ஓடுவதால் ஆறு மாசம் வாசித்த பாட்டுகூட மனசில் நிற்காது. மூன்றாவது கோரஸிலிருந்து கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கணும். ஜேமி ஏபர்சோல்டு 1967இலிருந்து வெளியிட்ட பக்கவாத்தியப் பதிவுகள் இன்றைக்கும் பேஸ் பிள்ளைக்குப் பிரயோஜனம். இடது பக்கம் பேஸும் டிரம்ஸும், வலது பக்கம் பியானோவும் டிரம்ஸும். இடதை அணைத்தால் பேஸ்காரர் இடம் காலி, நீ நிரப்பு.

#12 மேடைப்பக்கம்

இதுவரை வந்ததெல்லாம் வகுப்பு. தொழில் கலைஞரைக் கூப்பிடுவது இதற்கு மட்டும் என்றால் நல்ல பள்ளி ஆசிரியரே போதும். மேடைக்காரரிடம் மட்டும் கிடைப்பது வேறு.

குழுத் தலைவராக இருந்த டிரம்மர் ஆர்ட் பிளேக்கியை எடுங்கள். லீ மார்கன் 1958இல் அவரிடம் சேரும்போது 20 வயசு, விண்டன் மார்சாலிஸ் 1980இல் 18. பிளேக்கி யாருக்கும் ஸ்கேல் சொல்லித்தரவில்லை. பொறுப்பைக் கொடுத்தார். குழுவுக்கான பாட்டை நீங்களே எழுதுங்கள் என்றார். இசைப் பொறுப்பை பென்னி கோல்சனிடமும், பிறகு வெய்ன் ஷார்ட்டரிடமும் விட்டார். சோலோ அடுத்த கோரஸுக்குப் போகிற இடத்தில் ஸ்னேர் டிரம்மில் ஒரு உருட்டு உருட்டுவார், அது பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. இருந்த இடத்திலேயே இருக்க முடியாது.

பாடகி பெட்டி கார்ட்டரும் இதே ரகம். முல்க்ரூ மில்லர், பென்னி கிரீன், லூயிஸ் நாஷ், கென்னி வாஷிங்டன் எல்லோரும் இளவயதில் அவர் குழுவில் வாசித்தவர்கள். 1993இல் புரூக்ளினில் ‘ஜாஸ் அஹெட்’ ஆரம்பித்தார், இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி, கடைசியில் மேடை. 1998இல் அது வாஷிங்டனின் கென்னடி சென்டருக்குப் போனது.

சிகாகோவில் இசை ஆசிரியர் வால்டர் டையட், டுசேபிள் உயர்நிலைப் பள்ளி. ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன் அங்கே படித்தவர்கள். ஆண்டுதோறும் ‘ஹை-ஜிங்க்ஸ்’ என்று பிள்ளைகளே மேடையேற்றும் பெரிய நிகழ்ச்சி. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பார்கள்.

லண்டனில் கேரி கிராஸ்பியும் ஜனீன் ஐரன்ஸும் 1991இல் தொடங்கிய ‘டுமாரோஸ் வாரியர்ஸ்’ பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. நுபயா கார்சியா, மோசஸ் பாய்ட் அங்கிருந்து வந்தவர்கள். 2023இல் மெர்க்குரி விருது வாங்கிய எஸ்ரா கலெக்டிவ் குழுவே அங்கே சந்தித்துச் சேர்ந்ததுதான்.

#13 நேர்கோடு

அண்ணே, பிளேக்கிக்கு வருஷம் முழுக்கக் கச்சேரி இருந்தது. இவங்களுக்கு இருக்கிறது 20 மணி நேரம். இதை எப்படி இறக்குவீங்க?

#14 மேடைப்பக்கம்

நியாயமான கேள்வி தம்பி. அளவைச் சுருக்கணும், குணத்தைச் சுருக்கக் கூடாது.

4ஆம் வாரத்திலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. வேகம் அவர்தான் எண்ணித் தரணும், யார் யார் சோலோ என்று அவரே முடிவு செய்யணும், முடிப்பதும் அவர் கைசாடையில். கலைஞர் வரிசையில் நின்று டெனர் வாசிப்பார், வாயைத் திறக்கக் கூடாது. தப்பான வேகத்தில் எண்ணிவிட்டால் அந்தத் தப்பான வேகத்திலேயே பாட்டு முழுக்க ஓடணும். நிறுத்தித் திருத்தினால் பாடம் போச்சு.

கைசாடை பெரும்பாலான ஜாம் மேடைகளில் ஒன்றுதான், முன்பே பழக்குங்கள். தலையைத் தொட்டால் மெட்டுக்குத் திரும்பு. நாலு விரல் காட்டினால் டிரம்ஸோடு நாலு நாலு பார் மாற்றி மாற்றி. கையை மூடிக் காட்டினால் முடிவு. சுருதிக்கு விரல் கீழ்நோக்கி என்றால் ஃபிளாட், மேல்நோக்கி என்றால் ஷார்ப், எத்தனை விரலோ அத்தனை. இரண்டு விரல் கீழே, பி ஃபிளாட்.

சோலோ கணக்கையும் முன்னாடியே போடுங்கள். 12 பேரும் ஆளுக்கு 2 கோரஸ் என்றால் 120 வேகத்தில் 576 விநாடி, அதாவது 9 நிமிஷம் 36 விநாடி. பதினோரு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பாட்டுக்கு 4 சோலோ போதும். மீதிப் பேர் இரண்டாவது கோரஸில் பின்னணியில் சின்ன ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்) வாசிக்கட்டும், கான்சாஸ் சிட்டி வழக்கம். ரிஃபை அந்த இடத்திலேயே ஒருவர் உருவாக்க மற்றவர் காதால் பிடிக்கணும். வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

வருகிற கலைஞரிடம் ஒன்று மட்டும் கறாராகச் சொல்லுங்கள். முதல் நாள் தன் திறமையைக் காட்ட 20 நிமிஷம் வாசிக்கக் கூடாது. ஒரே ஒரு கோரஸ், மெதுவாக. பெரிய பெயர் வந்து ஒரு நாள் வாசித்துக் கைதட்டல் வாங்கிப் போகிற ‘மாஸ்டர்கிளாஸ்’களில் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் செல்ஃபிதான்.

#15 ரைடு_சிம்பல்

சின்ன அறை என்றால் இதையும் கவனியுங்க. டிரம்ஸ், மூணு பித்தளை, மூணு சாக்ஸ் சேர்ந்தால் 100 டெசிபல் சர்வசாதாரணம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்கிற வரம்பு 85இல் 8 மணி நேரம், மேலே 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100இல் 15 நிமிஷம். இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக் வாங்கி வையுங்க. பஞ்சு மாதிரி நுரை பிளக் மேல் ஸ்தாயியை மட்டும் அதிகமாக அடைக்கும், பிள்ளை ரைடு கேட்கலை என்று இன்னும் ஓங்கி அடிக்கும். டிரம்ஸ் கீழே தடிமனான கம்பளம், டிரம்பெட் மணி (சத்தம் வெளிவரும் விரிந்த வாய்) யார் காதுக்கும் நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி. பேஸும் ரைடும் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில்.

#16 சனிமதியம்

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. டிரம்பெட் பிள்ளைகள் ரெண்டும் எலிங்டன் பதிவுகளைக் கேட்டுட்டு ‘வா வா’ன்னு பேசற மாதிரி சத்தம் வேணும்னு நச்சரிக்குதுங்க. அது என்ன மியூட் (மணியில வைக்கிற அடைப்பு)? விலை எவ்வளவு ஆகும்?

#17 வால்வு_எண்ணெய்

பாதி விஷயம் ஹார்டுவேர் கடையில்தான் இருக்கிறது. பிளஞ்சர், சாக்கடை அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணம். டிரம்பெட்டுக்குக் கை கழுவும் தொட்டிக்கு விற்கிற சின்ன அளவு, 4 முதல் 5 அங்குலம். டிராம்போனுக்குக் கழிப்பறை அளவு, 6 அங்குலத்தை ஒட்டி. உள்ளே இன்னொரு வளையம் மடிந்து வருகிற ரகம் வேண்டாம், வெறும் கிண்ணம்தான். மரக்கம்பைக் கழற்றி எறியுங்கள். ரப்பர் மெல்லிசா, வளைகிற மாதிரி இருக்கணும், கெட்டியானது கைக்கு அடங்காது.

எலிங்டன் குழு டிரம்பெட்காரர்கள் பப்பர் மைலி, கூட்டி வில்லியம்ஸ் அந்தச் சத்தத்துக்கு உள்ளே இன்னொன்றும் வைப்பார்கள். பிக்ஸி என்கிற ஒல்லியான ஸ்ட்ரெயிட் மியூட், மணிக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்து பிளஞ்சருக்கு வழி விடும். சாதாரண ஸ்ட்ரெயிட் மியூட் வெளியே துருத்தும், பிளஞ்சரை மூட முடியாது. பிக்ஸி போட்டதும் சுருதி ஏறும், டியூனிங் ஸ்லைடை வெளியே இழுக்கணும், மியூட் எடுத்ததும் திரும்பத் தள்ள மறக்கக் கூடாது. முழுசா மூடினால் சுருதி இன்னும் நகரும், அதனால் ‘மூடு’ என்று தாளில் இருந்தாலும் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி.

அந்த உறுமல் தொண்டையிலிருந்து வருவது. வாசித்துக்கொண்டே அடித்தொண்டையில் கரகரக்கணும். ஒரு நாளைக்கு 5 நிமிஷத்துக்கு மேல் பழக விடாதீங்க, தொண்டை கட்டிக்கும்.

விலை உங்க ஊர் கடையைப் பொறுத்தது, பிளஞ்சர் சல்லிசுதான். லிங்கன் சென்டர் ஜாஸ் அமைப்பின் ‘எசென்ஷியலி எலிங்டன்’ திட்டத்தில் பதிவு செய்த பள்ளிகளுக்கு எலிங்டன் ஸ்கோர்கள் இலவசமாகவே கிடைக்கும், பிளஞ்சர் எங்கே திறக்கணும், எங்கே மூடணும் என்ற குறி அதில் இருக்கும்: பூஜ்யம் போட்டால் திற, கூட்டல் குறி போட்டால் மூடு.

புது ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். முதல் நாளே சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள்.